காயலான் கடை சைக்கிளை மீண்டும் ஓடவைக்க: எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும்

என் சைக்கிளுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்திருக்கிறேன். முதல் தடவை அடித்தது 11 நாள் இருந்தது. பளபளவென்று காய்ந்த பிறகுதான் பெடல் மாட்டும் கையான கிராங்கைக் கழற்றப் போனேன். சுத்தியல் வழுக்கி பாடியில் பட்டது. அதற்கு மேல் துரு இளக ஊற்றிய டீசல் வழிந்து, புதுக் கறுப்பு கொப்பளித்து எழும்பியது. 900 ரூபாய் போச்சு.

வண்டி பழைய ஹெர்குலிஸ். 28 இஞ்ச் வீல், வயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் ராடு பிரேக், முழு செயின் கவர். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் எடைக்குப் போகக் காத்திருந்ததை 1,200 ரூபாய்க்கு எடுத்தேன். திருச்சியில் வீட்டு மாடியில் வைத்து ஓடவைக்க ஏழு மாதம் ஆனது, மொத்தம் 9,690 ரூபாய். வரிசை தெரிந்திருந்தால் ஆறு வாரத்தில், 7,000 சொச்சத்தில் முடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்களிடம் இருப்பது வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள் என்றாலும் பெரும்பாலும் இதே வழிதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

1. காசு கொடுக்கும் முன் 10 நிமிடம் குனிந்து பாருங்கள்

கையில் ஒரு டார்ச், ஒரு நூல்கண்டு, ஒரு சின்னக் காந்தம். போதும்.

துரு, கிழிந்த டயர், உடைந்த பெடல், காணாமல் போன சீட்டு எதற்கும் பயப்பட வேண்டாம். எல்லாம் கடையில் கிடைக்கும். பாடி வளைந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பின் வீல் மாட்டும் இடத்தில் நூலைக் கட்டி, ஹேண்டிலுக்குக் கீழே உள்ள குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2, 3 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. விரல் கனம் இருந்தால் வேண்டாம்.

அடுத்து, ஹேண்டில் குழாயோடு மேல் பாரும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கி ஒரு மேடு தட்டுப்பட்டால் வண்டி எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. அப்படி மோதினால் முன் வீலைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் பின்னால் வளைந்திருக்கும். காந்தம் எதற்கு என்றால், துருப்பிடித்த ஓட்டையில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் அது ஒட்டாது. கிராங்க் நுழையும் உருளைக்கு அடியில் கட்டாயம் பாருங்கள். சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

சீட்டுக் கம்பி இறுகிப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இறுகியிருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை, பேரம் பேசலாம். கம்பியும் குழாயும் இரண்டுமே இரும்பு என்றால் எண்ணெயும் பொறுமையும் போதும். ரேஸ் சைக்கிள்களில் இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி இருக்கும். அது இறுகினால் லேத் பட்டறை வரை போக வேண்டிவரும்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் இந்த வண்டிகள் கிடைக்கும். அங்கே இது வரவேற்பறையில் நிறுத்தும் அலங்காரப் பொருள், விலையும் அப்படித்தான். ஓட்ட நினைப்பவர்கள் காயலான் கடையையும் சொந்தக்காரர் வீட்டுக் கொல்லையையும் பாருங்கள்.

2. காகிதம்: சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது, அதனால்தான் எழுதி வாங்க வேண்டும்

பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டி என்பதால் யாரும் எதுவும் எழுதிக்கொள்வதில்லை. நானும் முதலில் எழுதவில்லை. மூன்றாம் வாரம் தெருவில் ஒருவர், "இது எங்க சித்தப்பா வண்டி மாதிரி இருக்கே" என்று நிறுத்தி விசாரித்தார். ஃப்ரேம் நம்பரைக் காட்டி, அவர் வீட்டில் கேட்டு, இல்லையென்று தெரிந்துகொள்ள ஒரு மாலை முழுக்கப் போனது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும், தெரியாது என்று காட்ட கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

வெள்ளைத்தாள் ஒன்றில் இவ்வளவும் இருந்தால் போதும்: விற்பவர் பெயர், முகவரி, தேதி, விலை, வண்டியின் பெயர், நிறம், ஃப்ரேம் நம்பர், இருவர் கையெழுத்து. கூடவே விற்பவரின் அடையாள அட்டை நகல் ஒன்று, அதன் மேலேயே "சைக்கிள் விற்பனைக்காக மட்டும்" என்று எழுதி. காயலான் கடைக்காரர் என்றால் தேதி போட்ட ரசீது கேளுங்கள். 20 ரூபாய் டீ செலவில் நடந்துவிடும்.

ஃப்ரேம் நம்பர் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில், இல்லையென்றால் கிராங்க் உருளையின் அடியில் குத்தியிருப்பார்கள். துரு மூடியிருந்தால் எண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸைப் பக்கவாட்டில் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். அதை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள். எட்டாம் படியில் அந்தப் போட்டோ தேவைப்படும்.

தூர ஊரிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் ரயில் பார்சல் நல்ல வழி. அடையாள அட்டை நகல், அனுப்புபவர் பெறுபவர் முகவரி, எழுதி வாங்கிய தாளின் நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, ராடு பிரேக் கம்பிகளைப் பழைய சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். கட்டாமல் அனுப்பினால் வளைந்துதான் வரும். முகவரிச் சீட்டை இரண்டு இடத்தில் கட்டுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள், அதைக் காட்டித்தான் எடுக்க முடியும். வந்ததும் எடுக்காமல் விட்டால் இலவச நேரம் தாண்டியதிலிருந்து வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். எனக்கு 50 கிலோமீட்டர்தான் என்பதால் யாரோ காய்கறி ஏற்றிய குட்டியானையில் இடம் பிடித்தேன், 350 ரூபாய்.

3. நாலு நாள் எண்ணெயில் ஊறட்டும்

வாங்கிவந்த அன்றே ஸ்பேனரை எடுக்கக் கை அரிக்கும். எடுக்காதீர்கள். எல்லா நட்டிலும், கிராங்கைப் பிடித்து நிறுத்தும் காட்டர் பின் இரண்டிலும், சீட்டுக் கம்பி குழாய்க்குள் போகும் இடத்திலும், ஹேண்டில் தண்டிலும் துரு இளக்கும் ஸ்பிரே அல்லது டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்தது காலையும் மாலையும் ஊற்றுங்கள். நாலு நாள்.

அந்த நாலு நாளில் போட்டோ எடுங்கள். ராடு பிரேக்கின் ஒவ்வொரு கம்பியும் எந்தக் கண்ணியில், எந்தப் பக்கம் நுழைகிறது என்று நாலு கோணத்திலும். நான் எடுத்த 60 போட்டோவில் 50 வீண். பின் பிரேக் கம்பி கிராங்குக்கு அடியில் திரும்பும் அந்த ஒரு இடத்தை எடுக்க மறந்தேன், அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பழைய ஊறுகாய் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: முன் ஹப் (வீலின் நடு உருளை), பின் ஹப், கிராங்க், ஹேண்டில், பிரேக்.

4. கழற்றுதல்: மூன்று இடத்தில் எல்லாரும் மாட்டுவார்கள்

முதல் இடம் இடது மரை. இடது பெடல் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம்: ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள், அதை வண்டியின் பின்பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் இப்படித்தான் கழலும். கிராங்க் உருளையில் பால்ரஸ் உட்காரும் வலது பக்கக் கப்பும் இடது மரைதான். அதைக் கழற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. உள்ளே துணி விட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, குழி விழாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலே வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அந்தக் கம்பெனி தனக்கென்று இஞ்சுக்கு 26 மரை வைத்திருந்தது, மற்றவர்களுடையது 24. நம் கடையில் கிடைக்கும் கப் அதில் ஏறாது. பழைய கப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

இரண்டாவது இடம் காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிடித்து நிறுத்தும் ஆப்பு மாதிரியான இரும்பு. நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினேன். பின்னின் தலை விரிந்து, மரை நசுங்கி, அரை மணி நேரத்தில் அது பின்னாகவே இல்லை. வண்டியைத் தோளில் போட்டுத் தெருக்கோடி பாய் கடைக்குப் போனேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"எத்தன தட்டு தட்டுன தம்பி?"

"ஒரு நாப்பது இருக்கும் பாய்."

"நாப்பது தட்டுனா காளான் மாதிரி விரியத்தான் செய்யும். ஒரே அடி. அடிக்கப் பயமா இருந்தா தொடாத."

அடுத்த பக்கப் பின்னை அவர் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நட்டை முழுக்கக் கழற்றவில்லை, பின்னின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தினார். மரை நசுங்காமல் இருக்க அது கவசம். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை நுழையும் அளவு ஓட்டையுள்ள ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்தார். அதில்தான் விஷயமே இருக்கிறது. முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் எல்லாம் டயரிலும் பால்ரஸிலும் போய்விடும். பிறகு பெரிய சுத்தியல், ஒரே அடி. டங் என்ற சத்தம் மாறி டப் என்று கேட்டது. பின் வெளியே.

என் பக்கப் பின்னைத் துளைபோட்டுத்தான் எடுத்தார்கள். துளை கோணலாகப் போய்க் கிராங்கும் போனது, 350 ரூபாய். புதுப் பின் வாங்கும்போது பழையதை எடுத்துப் போங்கள். 9 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு தடிமன் இருக்கிறது. பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூன்றாவது இடம் ஃப்ரீவீல், பின் வீலில் செயின் ஏறும் பல்சக்கரம். பின் ரிம் அழுகிப்போயிருந்ததால் "எப்படியும் மாற்றத்தானே போகிறோம்" என்று போக்ஸ் கம்பிகளைக் கட்டர் போட்டு வெட்டி எறிந்தேன். கையில் வெறும் ஹப்பும், அதில் இறுகிய ஃப்ரீவீலும் மிஞ்சின. ஃப்ரீவீல் கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, முழு வீலையும் ஸ்டியரிங் மாதிரி பிடித்துத் திருப்பித்தான் அதை எடுக்க வேண்டும். அந்த நெம்புகோல் ரிம்தான். ரிம்மை வெட்டிய பிறகு எதைப் பிடித்துத் திருப்புவது? லேத் பட்டறைக்கு 250 ரூபாய். ஆக, முதலில் ஃப்ரீவீல், பிறகு கம்பி.

பால்ரஸ் குண்டுகளைக் கழற்றும்போது அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள், உருண்டோடும். எண்ணி எழுதுங்கள். என் வண்டியில் கிராங்கில் பக்கத்துக்கு 11 கால் இஞ்ச் குண்டு, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் இஞ்ச், முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, அளவு 3/16. குண்டுகளை வரிசையாக அடுக்கியதும் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். இன்னொன்றைத் திணித்தால் வீல் இறுகும். பழையது நன்றாக இருக்கிறதே என்று புதியதோடு கலக்காதீர்கள். முழு வண்டிக்கும் புதுக் குண்டு 120 ரூபாய்தான்.

5. துரு எடுப்பது: ஆசிட் பாட்டிலை வீட்டிலேயே வையுங்கள்

கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றினால் நிமிடத்தில் பளிச்சென்று ஆகும் என்று நாலு பேர் சொல்வார்கள். ஆகும். மறுநாள் காலையில் முன்பைவிடச் சிவப்பாகத் துரு பூத்திருக்கும், குரோமும் உரிந்திருக்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். நட்டு, போல்ட்டு, செயின் வீல், கேரியர் கிளிப்பெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் இரவு முழுக்க. காலையில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். இந்த இரண்டு "உடனே"யையும் தவறவிட்டால் மறுபடி வாளிதான். பால்ரஸ் குண்டு, கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு), ஸ்பிரிங் ஆகியவற்றை இதில் போடாதீர்கள். அவற்றுக்கு டீசலும் துணியும் போதும்.

ஹேண்டிலிலும் ரிம்மிலும் குரோம் மேல் புள்ளிப்புள்ளியாக இருக்கும் துருவுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் பித்தளை முத்திரைக்கு நம் வீட்டுப் புளியே நல்லது. பெயின்ட் பூசிய முத்திரை என்றால் புளி படக்கூடாது, ஈரத்துணி மட்டும்.

பாடியைத் துடைத்துப் பார்த்த பிறகு ஒரு நாள் யோசியுங்கள். அழுக்குக்கு அடியில் பழைய கறுப்பும், கையால் இழுத்த தங்கக் கோடும் பாதிக்கு மேல் இருந்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே ஓட்டலாம். என் வண்டியில் அந்தக் கோடு இருந்திருக்கிறது. முதல் பெயின்ட்டுக்காகச் சுரண்டும்போதுதான் பார்த்தேன், பார்க்கும்போது முக்கால்வாசி போயிருந்தது.

6. சாமான் வாங்குவது: "28 இஞ்ச்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

அதிகம் பேர் காசை இழப்பது இங்கேதான். இணையத்தில் "28 இஞ்ச் டயர்" என்று தேடி, படம் அழகாக இருக்கிறதென்று ஒரு ஜோடி 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். வண்டி பிரிந்து கிடந்ததால் மாட்டிப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து மாட்டப் போனால் ரிம்மில் ஏறவே இல்லை. திருப்பி அனுப்பும் நாளும் தாண்டியிருந்தது.

டயரின் பக்கவாட்டில் கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். பின்னால் வருவது ரிம்மில் உட்காரும் விட்டம், மி.மீ. கணக்கில். அதை மட்டும் பாருங்கள். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 x 1½ என்பது 635. இப்போதைய ரோடு பைக்குகளின் 700சி என்பது 622, அதையும் சில இடங்களில் 28 என்றே விற்கிறார்கள். பழைய ரேஸ் சைக்கிள்களின் 27 x 1¼ என்பது 630. மூன்றும் ஒன்றுக்கொன்று மாறாது. சின்ன டயர் பெரிய ரிம்மில் ஏறாது. பெரிய டயர் சின்ன ரிம்மில் ஏறும், காற்றடித்ததும் கழன்று வெடிக்கும், அது இன்னும் மோசம். 635-க்கு எங்கும் அலைய வேண்டாம், சந்தைப் பக்கத்துச் சைக்கிள் கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பார்கள்.

ரிம் வாங்கும்போது ஹப்பின் ஓட்டைகளை எண்ணுங்கள். இந்த வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40. புது ரிம்களில் 36 ஓட்டை சகஜம், அது எதற்கும் ஆகாது. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, உள்பக்கம் பிடிக்கும். அதற்கென்று வளைவு உள்ள ரிம்தான் வேண்டும். கடையில் "ராடு பிரேக் ரிம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

செயினை அளக்க ஒரு அடி ஸ்கேல் போதும். இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 இஞ்சில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அரைக்கால் இஞ்ச் தள்ளிப்போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. செயினை மாற்றினால் ஃப்ரீவீலையும் மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் குதிக்கும். கியர் இல்லாத வண்டிக்கு அகலமான செயின், 1/8 என்பார்கள். கியர் வண்டிக்கு 3/32.

கம்பி கோத்து, வீல் ஆடாமல் நேராகச் சுற்றும்படி கோட்டம் எடுப்பதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். நான் இரண்டு வாரம் முயன்றேன். வீல் முட்டையாகவே சுற்றியது. பாய் 300 ரூபாய்க்கு ஒரு மணி நேரத்தில் முடித்தார், அதிலும் பாதி நேரம் போனில் பேசிக்கொண்டே.

7. பெயின்ட் இல்லாமலேயே ஒருமுறை முழுசாகப் பூட்டி ஓட்டுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். துரு எடுத்து, எண்ணெய் தடவிய அசிங்கமான பாடியில் எல்லாப் பாகத்தையும் மாட்டி, ஒரு வாரம் ஓட்டுங்கள். தெருவில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சுத்தியலோ ஸ்பேனரோ வழுக்கினால் இப்போது வழுக்கட்டும்.

எனக்கு அந்த ஒரு வாரத்தில் தெரியவந்தவை: பின் மட்கார்டு டயரில் உரசியது, தட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது. கேரியர் ஓட்டை இரண்டு மி.மீ. தள்ளியிருந்தது, அரம் போட்டுப் பெரிதாக்கினேன். செயின் கவரின் ஒரு காது விட்டிருந்தது, கேஸ் வெல்டிங். இதில் எதையும் பெயின்ட்டுக்குப் பின்னால் செய்ய முடியாது.

பூட்டும்போது சில விஷயம். கோனை இறுக்கிவிட்டு வீலைத் தூக்கிப் பிடித்து விடுங்கள். வால்வின் எடைக்கே வீல் மெல்லத் திரும்பி, வால்வு கீழே வந்து, ஊசலாடி நிற்க வேண்டும். நிற்காமல் எங்காவது முட்டினால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் இறுக்கம் போதாது. செயின் நடுவில் மேலும் கீழும் அரை இஞ்ச் ஆட வேண்டும்.

காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் வராது, ஒவ்வொரு சுற்றுக்கும் கால் நொண்டும். பின்னை நட்டால் இழுத்து இறுக்கக் கூடாது, மரை அறுந்துவிடும். அடியில் அதே முட்டைக் கொடுத்து அடித்து உட்காரவைத்து, நட்டை மேலுக்குப் பூட்டுங்கள். 20 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு அடி, நட்டு அரைச் சுற்று.

ராடு பிரேக்கும் குரோம் ரிம்மும் மழையில் பிடிக்கவே பிடிக்காது என்று நினைத்துக்கொண்டே ஓட்டுங்கள். பிடிக்கும், ஆனால் நீங்கள் நினைத்த இடத்தைத் தாண்டித்தான்.

8. இப்போது பெயின்ட்

மறுபடி கழற்றுங்கள். இந்தத் தடவை எல்லாம் வெண்ணெய் மாதிரி வரும், ஒரு பகல் போதும்.

பவுடர் கோட்டிங் கடையில் பாடி, ஃபோர்க், இரண்டு மட்கார்டு, செயின் கவர் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை: பித்தளை முத்திரையைக் கழற்றிவிடுங்கள், மணல் அடித்தால் முகமே போய்விடும். கிராங்க் உருளையின் மரையையும் ஃபோர்க் தண்டின் மரையையும் மறைக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறப்பார்கள், நீங்களே பழைய கப்பையும் நட்டையும் திருகி வைத்துக் கொடுங்கள். சீட்டுக் குழாயின் உள்ளே பவுடர் போகக் கூடாது. எனக்குப் போனது, அரை நாள் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்தேன். பவுடர் கனமாக விழுவதால் ஃப்ரேம் நம்பர் மங்கிவிடும். இரண்டாம் படியில் எடுத்த போட்டோவைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான்.

கறுப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் கிடைக்கும், அந்த நிறம் தினம் ஓடும். பச்சை, மெரூன் கேட்டால் அந்த நிறத்தில் வேறு வேலை சேரும்வரை காத்திருக்க வேண்டும், 10 நாள் கூட ஆகலாம். ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். ஹேண்டிலுக்குக் குரோம் ஏற்ற 450 ரூபாய், லீவர்களைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். வீல் ரிம்முக்கு மறுகுரோம் ஏற்றுவது வீண், அந்தக் காசுக்குப் புதுசு வரும்.

தோல் சீட்டு நல்ல நிலையில் இருந்தால் தேங்காயெண்ணெயில் முக்காதீர்கள். தொய்ந்து தொட்டில் ஆகிவிடும். என்னுடையதை ஒரு செருப்புத் தைக்கும் அண்ணன் புது ரிவெட் அடித்து 400 ரூபாய்க்கு நிமிர்த்திக் கொடுத்தார்.

9. கணக்கு

தேவையான செலவு: வண்டி 1,200, குட்டியானை 350, டயர் டியூப் 1,020, பின் ரிம் கம்பி கோட்டம் 880, கிராங்க் அச்சு குண்டு காட்டர் பின் 270, செயின் ஃப்ரீவீல் 350, பிரேக் கட்டையும் ஒரு ராடும் 140, பெடல் 250, சீட்டு 400, பவுடர் கோட்டிங் 1,400, குரோம் 450, டீசல் கிரீஸ் உப்புத்தாள் வகையறா 380. ஆக 7,090 ரூபாய்.

என் முட்டாள்தனத்துக்கான செலவு: முதல் பெயின்ட் 900, தவறான டயர் 1,100, கிராங்க் 350, லேத் 250. ஆக 2,600.

இதை விற்றுக் காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்கூலியைச் சேர்த்தால் எந்த விலைக்கும் கட்டாது.

நாள் கணக்கு: எண்ணெய் ஊற நாலு நாள், கழற்ற ஒரு சனி ஞாயிறு, துருவுக்கு ஒரு வாரம், சாமான் சேர ஒரு வாரம், பெயின்ட் இல்லாமல் பூட்ட இரண்டு நாள், ஓட்ட ஒரு வாரம், பெயின்ட் கடைக்கு ஒரு வாரம் பத்து நாள், கடைசியாகப் பூட்ட இரண்டு நாள்.

10. முதல் 100 கிலோமீட்டர்

50-ல் ஒருமுறை, 100-ல் ஒருமுறை ஸ்பேனரோடு உட்காருங்கள். புதுக் கம்பிகள் இளகும், கோட்டம் லேசாக வரும், இதைச் சொல்லி வைத்தால் பாய் காசு வாங்காமல் சரிசெய்து தருவார். பிரேக் கட்டை தேய்ந்து ராடு நீளும், ஒரு திருகு ஏற்றுங்கள். தினமும் காற்று இறங்கினால் டியூபைச் சந்தேகிக்கும் முன் வால்வ் டியூபை மாற்றுங்கள், ஐந்து ரூபாய் சமாச்சாரம்.

பின் வீலில் பழைய வளையப் பூட்டு இருந்தால் அதற்குச் சாவி இருக்காது. எனக்கும் இல்லை. பூட்டு சாவி செய்பவரிடம் கழற்றி எடுத்துப்போனால் 80 ரூபாய்க்குச் சாவி வெட்டித் தருவார், வண்டியோடு போனால் 150 கேட்பார்.

அது போதாது, ஒரு சங்கிலிப் பூட்டும் வாங்குங்கள். என் வண்டியை டீக்கடையில் நிறுத்தினால் இப்போது இரண்டு பேராவது வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் போன வாரம் விலையே கேட்டார்.